பத்தொன்பது விநாடி

அந்த அலுவலகத்தில் தினமும் நாலு மணி நேரம் யாரும் வேலை செய்யக் கூடாது. சோம்பேறிகள் கூடிப் போட்ட சட்டம் இல்லை இது, மேலாளரே போட்டது. காலை பத்து மணிக்கு ஓட்டம் தொடங்கும், மதியம் இரண்டு மணிக்கு முடியும். அதுவரை வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிகிறவரை ஒருவரும் கணினியில் கை வைக்கக் கூடாது.

ஓட்டம் என்றால் யாரும் எழுந்து ஓடுவதில்லை. துணி துவைக்கிற இயந்திரம், தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், காற்றாடி என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, நாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் போட்டுவிட்டு இயந்திரம் கெட்டுப்போன அன்று வீடு முழுக்கத் தேடுகிற புத்தகம், அதைத் தயாரிப்பதுதான் அவர்கள் தொழில். மொத்தம் நாலாயிரத்து நூறு கையேடுகள். அவற்றின் வாசகம் எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரு பக்கம் இருக்கும். 'எச்சரிக்கை வந்தால் சிவப்புக் கட்டம் போடு, படம் வந்தால் எண் போட்டு நடுவில் வை' என்று விதிகள் எழுதிய ஸ்டைல்ஷீட் இன்னொரு பக்கம் இருக்கும். சர்வர் என்கிற பெரிய கணினி இரண்டையும் சேர்த்துப் படித்து, அச்சுக்குப் போகிற பக்கங்களாக மாற்றித் தரும். ஒரே வாசகத்தைப் பல கையேடுகள் பங்கு போட்டுக்கொள்வதால், ஒரு திருகாணியின் பெயர் மாறினாலும் நாலாயிரத்து நூறையும் மறுபடி மாற்றியாக வேண்டும். சர்வரோ கிழம். ஓட்டத்தின் நடுவில் யாராவது பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்தால் படுத்துக்கொள்ளும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று தடவை அப்படி ஆன பிறகுதான் மேலாளர் சிவப்பு விளக்கை வாங்கி மாட்டினார்.

நாலு மணி நேரச் சும்மாவுக்கு மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கலாம். படம் வரைகிறவர் கம்பளி பின்னுவார். உறவுக்காரக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் பின்னி முடித்துவிட்டு, இனிப் பிறக்கப்போகிறவர்களுக்குப் பின்னிக்கொண்டிருந்தார். சோதனை பார்க்கிறவர் தனக்கு எதிராகத் தானே சதுரங்கம் ஆடித் தோற்பார். மேலாளர் நடைவழியில் நடந்து தன் காலடிகளை எண்ணுவார்.

ஸ்டைல்ஷீட் எழுதுகிற பெண்ணுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் சுற்றுவாள், நின்றால் ஒற்றைக் காலில் நிற்பாள், பேசினால் இரண்டு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசுவாள். ஓட்டம் நடக்கும்போது அவள் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போவாள். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே மூடாத ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே கமா நிற்பார்.

கமா ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவர், அவருடையதும் பட்டப்பெயர்தான். கண்ணாடி அணிந்தவர், உயரம், நிதானம். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து எழுத்து எழுத்தாகப் படிப்பார். நடுவில் "ஏங்க" என்று கூப்பிட்டால் போச்சு, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். ஒரு தடவை பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு அன்று முழுவதும் ஒரே பக்கத்தில் நின்றார். அதனால் வேலை நேரத்தில் அவரிடம் யாரும் பேசுவதில்லை. ஐந்து மணி அடித்தால் எதிர்த் திசைப் பேருந்தில் ஏறிவிடுவார். ஆக, கமா என்ற மனிதர் உலகத்துக்குக் கிடைப்பது ஓட்டம் நடக்கும் நாலு மணி நேரத்தில் மட்டும்தான். அந்த நாலு மணி நேரத்தையும் இரண்டு வருஷமாகப் பம்பரமே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஜன்னலில் அவர்கள் பேசாத விஷயம் இல்லை. புறாக்கள் ஏன் எப்போதும் கோபமாக இருக்கின்றன என்பதிலிருந்து, சாகும்போது மனிதன் கடைசியாக எதை நினைப்பான் என்பது வரை பேசியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பம்பரத்துக்குக் கமாவை அப்படிப் பிடித்திருந்தது. அவர் சிரிக்கும்போது முதலில் கண்ணாடி மேலே போகும், பிறகுதான் சிரிப்பு வரும். அந்த இடைவெளிக்காகவே அவள் உயிரை விடுவாள். அதைத்தான் அவள் இன்னும் சொல்லவில்லை.

"இன்னிக்காவது சொன்னியா?" என்று அக்கா தினமும் கேட்பாள். அக்காவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா பல் மருத்துவமனையில் நர்ஸ். வாய் திறக்க மாட்டேன் என்கிறவர்களைத் திறக்கவைத்தே பழகியவள்.

"நாளைக்குச் சொல்றேன்கா."

"போன்லயாவது சொல்லித் தொலையேன்."

"போன்ல அவர் 'ம்'னு மட்டும்தான் சொல்வாரு. அது எந்த 'ம்'னு முகத்தைப் பார்க்காம எனக்கு எப்படித் தெரியும்?"

இப்படியே இன்னும் பத்து வருஷம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பெரிய வாடிக்கையாளர் கோவமா இருக்காங்க. திருத்தம் சொன்னா ஒரு மணி நேரத்துல பக்கம் கைக்கு வரணுமாம். நாலு மணி நேரமெல்லாம் காத்திருக்க முடியாதாம். இந்த மாசக் கடைசிக்குள்ள செஞ்சு காட்டலேன்னா நம்ம கையேடு எல்லாம் வேற இடத்துக்குப் போயிரும். இந்த ஓட்டத்தைச் சுருக்க யாரால முடியும்?"

பம்பரத்தின் கை மேலே போயிருந்தது. மூளையைக் கேட்காமல் போன கை. "என்னால முடியும் சார்!"

"சபாஷ். அப்புறம் இன்னொண்ணு. ஓட்டம் சின்னதாயிருச்சுன்னா பக்கமெல்லாம் நேரா அச்சகத்துக்கே போயிரும். கமா இங்க உட்கார வேண்டியதில்ல. அவர் மேசையை அச்சகத்துக்கே மாத்திரலாம்."

அச்சகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. பேருந்தில் ஒன்றரை மணி நேரம். பம்பரத்தின் கை தூக்கியபடியே நின்றது. இறக்கினால் சந்தேகம் வரும், வைத்திருந்தால் வலிக்கும். கடைசியில் தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டாள்.

சரி, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அதற்கெல்லாம் பழக்கம் வேண்டும். பக்கத்து மேசைகளில் பல பேருக்கு அந்தப் பழக்கம் இருந்தது, பம்பரத்துக்கு இல்லை. ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி மறந்துபோகும். எந்த விதிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று முதலில் அளந்தாள். அளக்க அளக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கையேட்டில் 'படம் 14 பார்க்க' என்று ஒரு வரி வந்தால், சர்வர் அந்தப் படத்தைத் தேடிப் புத்தகத்தின் முதல் எழுத்திலிருந்து கிளம்பும். அடுத்து 'படம் 15 பார்க்க' என்று வந்தால் மறுபடி முதல் எழுத்திலிருந்து கிளம்பும். ஒரே தெருவில் ஐம்பது கடிதம் கொடுக்க வேண்டிய தபால்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் தெருமுனைக்குத் திரும்பிப் போய்ப் புறப்படுகிற மாதிரி. பம்பரம் எல்லாப் படங்களுக்கும் முதலிலேயே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதினாள். மறுநாள் நாலு மணி நேர ஓட்டம் இரண்டு மணி பத்து நிமிஷத்தில் முடிந்தது. படம் வரைகிறவர் பாதி பின்னிய சட்டையோடு திடுக்கிட்டு நிமிர்ந்தார். பம்பரம் நாற்காலியில் மூன்று சுற்றுச் சுற்றித் தலைசுற்றி விழப் பார்த்தாள்.

தலைசுற்றல் நின்றதும் அவள் படிக்கட்டுக்கு ஓடினாள், கமா இன்னும் அங்கேதான் நின்றார்.

"ரெண்டு மணி பத்து நிமிஷம்," என்றார் கமா. "ரொம்ப நல்ல வேலைங்க."

"நன்றிங்க."

"வாழ்த்துகள்."

"நன்றிங்க."

வாழ்த்தியவர் முகத்திலும் வாழ்த்து வாங்கியவள் முகத்திலும் சந்தோஷம் மருந்துக்குக்கூட இல்லை. கமா படியேறிப் போய் அளவுகோலை எடுத்துவிட்டார்.

வேகம் என்பது ஒரு போதை. ஒரு வாய் பார்த்தவள் சும்மா இருப்பாளா? அக்கா பல் தேய்க்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தோடு குளியலறை வாசலில் நின்றாள். செருப்பு மாட்டுவதையும் கதவு பூட்டுவதையும் ஒரே அசைவாக மாற்றப் பார்த்து விரலை நசுக்கிக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். சர்வர் ஒவ்வொரு கையேட்டை எடுக்கும்போதும் ஸ்டைல்ஷீட்டின் விதிகளை ஆதியோடந்தமாக மறுபடி படித்தது. நாலாயிரத்து நூறு கையேடு, நாலாயிரத்து நூறு தடவை பாராயணம். ஒரு தடவை படித்து மனதில் வைத்துக்கொள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த புதன்கிழமை ஓட்டம் நாற்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்தது.

"ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துருச்சு! இது போதும்மா!" என்று மேலாளர் குதித்தார். "கமாவோட மேசை திங்கட்கிழமை கிளம்பும்."

ஆக வியாழன், வெள்ளி, இரண்டே ஓட்டம். அன்று சாயங்காலம் பம்பரம் அக்காவை உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா சொல்லிடறேன். நாற்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. முதல் பத்து நிமிஷம் பொதுவான பேச்சு. அடுத்த பதினஞ்சு நிமிஷம் எதிர்காலத்தைப் பத்தி. அப்புறம் என்னைப் பத்தி ஒரு எட்டு நிமிஷம். முப்பத்து மூணாவது நிமிஷம் விஷயத்தைச் சொல்றேன். மீதிப் பதினஞ்சு நிமிஷம் அவர் யோசிக்கிறதுக்கு."

"இது கல்யாணப் பேச்சா, பஸ் டைம்டேபிளாடி?"

"இதுக்குக் கீழ அந்த ஓட்டம் குறையாதுக்கா. அதை நம்பித்தான் போட்டிருக்கேன்."

நம்பியது தன்னைத்தான் என்பதை அவள் மறந்துவிட்டாள். வியாழன் காலை ஓட்டம் ஆரம்பித்ததும் படிக்கட்டுக்குப் போகிறவள், போகிற வழியில் சர்வர் அறையை எட்டிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. நாற்பத்தெட்டு நிமிஷமும் சர்வர் மூச்சு முட்ட உழைக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதுவோ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது. திரையில் அதன் உழைப்பைக் காட்டுகிற கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

அன்று ஜன்னலில் கமா புறாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பம்பரம் "ம், ம்" என்றாள். முதுகில் கை எட்டாத இடத்தில் அரிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு இயந்திரம் வேலை செய்யாமல் நேரத்தை எங்கே விடுகிறது?

மதியம் விடையைப் பிடித்துவிட்டாள். ஒவ்வொரு கையேட்டின் தலையிலும் ஒரு முகவரி இருந்தது. எந்த அத்தியாயத்துக்குள் எது வரலாம், எது வரக் கூடாது என்று விதி சொல்கிற ஒரு சின்ன ஃபைலின் முகவரி. அந்த ஃபைல் கையேடு எழுதுகிறவர்கள் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில், எங்கேயோ இருந்தது. ஒரு கையேட்டைத் திறக்கும் முன் சர்வர் அங்கே போய் அந்த ஃபைலைக் கேட்கும், வரும்வரை காத்திருக்கும், வாங்கிக்கொண்டு வந்து படிக்கும், தூக்கிப் போட்டுவிடும். அடுத்த கையேட்டுக்கு மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. இவ்வளவு சின்ன ஃபைலுக்கு ஏன் அவ்வளவு நேரம்? பம்பரம் அந்தச் சங்கத்துக்கே போன் போட்டாள்.

"வணக்கம் சார், உங்க ஃபைல் ஒண்ணைப் பத்திக் கேக்கணும்."

"எந்த நிறுவனத்துல இருந்து பேசறீங்க?"

சொன்னாள். அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

"நாலாயிரத்து நூறா? நீங்கதானா அது? கடைசியில கூப்பிட்டீங்களே! மூணு வருஷமா தினமும் பத்து மணிக்கு வர்றீங்க. ஒரே ஃபைலை நாலாயிரத்து நூறு தடவை கேக்கறீங்க. அதை எழுதினது நான்தான். எழுதி ஒன்பது வருஷம் ஆச்சு, ஒரு எழுத்துக்கூட மாறல. அதையேன் தினமும் கேக்கறீங்கன்னு பதினோரு மெயில் போட்டேன். ஒருத்தர் பதில் சொல்லல."

மெயில் எல்லாம் யாரும் பார்க்காத ஏதோ பழைய பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். "மன்னிச்சுக்கங்க சார். அதனாலதான் உங்க சர்வர் மெதுவாயிருச்சா?"

"மெதுவா? அதெல்லாம் குதிரை மாதிரி இருக்கு. நான்தான் கோவத்துல உங்களை மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் நிக்க வச்சுக் கொடுக்கறேன். புத்தி வரட்டும்னு."

பம்பரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு அலுவலகமே கம்பளி பின்னியதில் ஒரு பங்கு இந்த மனுஷனின் கோபம். "இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒரு காப்பி எடுத்து உங்க சர்வர்லயே வச்சுக்கங்கம்மா. வெளிய போகாதே, இங்கயே பாருன்னு ஒரு வரி எழுதுங்க. அவ்வளவுதான்." பிறகு குரல் இறங்கியது. "அப்ப நாளையிலேர்ந்து நீங்க வரமாட்டீங்க?"

"வரமாட்டோம் சார்."

"எப்பவாவது ஒரு தடவை வந்து கேளுங்க. நிக்க வைக்க மாட்டேன்."

பம்பரம் காப்பி எடுத்தாள், அந்த ஒரு வரியையும் எழுதினாள், சரியாக வருகிறதா பார்ப்போம் என்று தன் மேசையிலிருந்தே ஓட்டத்தை முடுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் திகைத்துக் கையை எடுத்தார்கள். கம்பளிக்காரர் ஊசியைத் தேடி இழுப்பறையைத் திறந்தார். ஊசி அகப்படுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

பத்தொன்பது விநாடி. நாலாயிரத்து நூறு கையேடும் வரிசையாக, சிவப்புக் கட்டம் கலையாமல், முடிந்து கிடந்தன.

"ஐயோஓஓ!" என்று பம்பரம் கத்திய கத்தலில் ஜன்னல் புறாக்கள் பறந்தன. நாற்காலியில் சுற்றினாள், எழுந்து சுற்றினாள், சோதனை பார்க்கிறவரின் தலையில் முத்தம் கொடுக்கப் போய்க் கடைசி நொடியில் சதுரங்கப் பலகைக்குக் கொடுத்தாள். "பத்தொன்பது! பத்தொன்பது செகண்ட்! நாலு மணி நேரம் இல்ல சார், பத்தொன்பது செகண்ட்!"

சுற்றிக்கொண்டே திரும்பியவள் கமாவைப் பார்த்தாள். அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பம்பரத்துக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமைக்கு அவள் வைத்திருந்த நாற்பத்தெட்டு நிமிஷத்தை அவளே தின்று தீர்த்துவிட்டாள்.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "இனி எதுக்குத் திங்கட்கிழமை? வாடிக்கையாளரை நாளைக்கே கூப்பிடறேன். கமா மேசையையும் நாளை மதியமே வண்டியில ஏத்திரலாம்!"

அன்று சாயங்காலம் அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். "உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியேடி!"

"சிரிக்காதேக்கா. எனக்கு அழுகை வருது."

"சரி, பத்தொன்பது செகண்ட்ல சொல்ல முடியாதா?"

"வணக்கம் சொல்லவே எனக்குப் பத்து செகண்ட் ஆகும்."

இருவரும் சமையலறைக் கடிகாரத்துக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார்கள். முதல் தடவை ஏழு நிமிஷம். எதிர்காலத்தை வெட்டினாள், நாலு நிமிஷம். தன்னைப் பற்றிய பகுதியை வெட்டினாள், ஒன்றரை. புறாக்களை விட மனசு வரவில்லை. கடைசியாக முப்பத்தொரு விநாடியில் வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு சொல்கூடக் குறைய மறுத்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் அம்மாள் வந்தார். பையிலிருந்து படிப்பதற்கு ஒரு புத்தகம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க," என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு நிமிர்ந்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு மேடம்."

"எப்ப?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கையேடுகள் எங்கேயும் போகவில்லை, எல்லோருடைய வேலையும் பிழைத்தது. மேலாளர் பம்பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. அவளோ அவர் தோளுக்கு மேலாகக் கமாவின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆட்கள் வந்து அதைத் தூக்கினார்கள். கமா அளவுகோலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே வண்டி ஒலி எழுப்பியது.

பம்பரம் லேப்டாப்பை வாரி எடுத்தாள். "ஏங்க! ஓட்டம்! வாங்க!"

"இப்பவா?" என்றார் கமா.

"இப்பத்தான்!"

அவர் வந்தார். ஜன்னல் திண்டில் லேப்டாப்பை வைத்து முடுக்கினாள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லோரும் கையை எடுத்தார்கள்.

"நாம ரெண்டு வருஷமா எத்தனையோ விஷயம் பேசியிருக்கோம், இல்லீங்களா, புறாவைப் பத்திக்கூடப் பேசியிருக்கோம், அதுல எனக்கு என்ன தோணுதுன்னா, இந்தப் புறாங்க..."

முடிந்தது. பழக்க தோஷத்தில் கமாவின் கால் மேற்படியில் ஏறிவிட்டது.

"இருங்க, இருங்க! இன்னொரு ஓட்டம்!"

இரண்டாவது ஓட்டத்தில் அவளுக்கு விக்கல் வந்தது. பத்தொன்பது விநாடியில் ஆறு விக்கல். மூன்றாவதில் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். "நீங்க சொல்லுங்க," "இல்ல, நீங்க சொல்லுங்க," "பரவால்ல, நீங்களே..." அதுவும் போயிற்று. நாலாவதில் கமா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஐந்தாவதில் இருவரும் சும்மா நின்றார்கள்; அது நன்றாக இருந்ததால் ஆறாவதிலும் சும்மா நின்றார்கள்.

மேலே இருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, விளக்கு ஏன் எரிஞ்சு எரிஞ்சு அணையுது? இங்க எல்லாரும் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிட்டு இருக்காங்க."

"சோதனை சார்!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

வண்டி மறுபடி ஒலித்தது, நீளமாக. பம்பரம் ஏழாவது ஓட்டத்தை முடுக்கினாள். முப்பத்தொரு விநாடி ஒத்திகையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

ஐந்து விநாடிகூட ஆகவில்லை. பதினாலு விநாடி பாக்கி இருந்தது. கமா அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். திரையில் நகர்கிற கோட்டைப் பார்த்தார். பத்து. ஐந்து. இரண்டு. ஓட்டம் முடிந்துவிட்டது, அவர் வாயைத் திறக்கவே இல்லை.

நல்ல மனுஷர், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனசு வராமல் நேரத்தை ஓட்டிவிட்டார் என்று பம்பரம் நினைத்தாள். இனி மேலே ஏறிப் போய்விடுவார், அங்கிருந்து கீழே வண்டிக்கு. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்புச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது, கமா லேப்டாப்பை மெதுவாக மூடிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பதிலை ஓட்டத்துக்குள்ள சொல்ல எனக்கு இஷ்டமில்லீங்க," என்றார். "ரெண்டு வருஷமா விளக்கு அணைஞ்சதும் மேல போய் உட்கார்றேன். உங்ககூடப் பேசினதே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். ஒரே பக்கத்தை மூணு தடவை படிப்பேன். யாரும் கூப்பிடவே இல்ல, நானாத்தான் முதல் வரிக்குத் திரும்பிப் போவேன். ஓட்டம் முடிஞ்சா நீங்க இல்லைன்னு இருக்கிற பொழைப்பு எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு."

"அப்படின்னா?" என்றாள் பம்பரம்.

கமாவின் கண்ணாடி மேலே போனது. பிறகு சிரிப்பு வந்தது.

"பண்ணிக்கலாம்," என்றார்.

கீழே வண்டிக்காரர் ஒலிப்பானிலிருந்து கையையே எடுக்கவில்லை. மேலே விளக்கு அணைந்து கிடந்தது, எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பம்பரம் அசையாமல், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பண்ணிக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றாள்.